ஒரு கேட்பறையைக் கலைத்தபோது: 14 மாத நிகழ்வு ஆய்வு

வீட்டில் உயர்தர ஒலியில் பாட்டு கேட்கும் ஹை-ஃபை பொழுதுபோக்கு மங்கிக்கொண்டிருக்கிறதா, எப்படியோ பிழைத்துக் கிடக்கிறதா என்ற பேச்சு எங்கள் வட்டத்தில் பத்து வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இசைத்தட்டு முடிந்து அடுத்த தட்டு ஏறும் இடைவெளியில் எழும்; ஊசி இறங்கியதும் அடங்கிவிடும். மூத்த உறுப்பினர் ஒருவரின் கேட்பறையைப் பிரித்துக் கைமாற்றும் வேலை எங்கள் தலையில் விழுந்தபோதுதான் அந்தக் கேள்வியைக் கையால் தொட்டுப் பார்க்க முடிந்தது. அந்த வேலையின் பதிவு இது. குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிட்டேன். வட்டத்தில் ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கிறவன் நான். என் தவறுகளும் இதில் உண்டு.

பின்னணி

பெரியவர் ஓய்வு பெற்ற இயந்திரப் பொறியாளர். தொடங்கும்போது வயது 76. முதல் எல்பி தட்டு வெளிவந்த 1948-இல் தானும் பிறந்ததாக யாரைப் பார்த்தாலும் சொல்வார். வீட்டின் பின்பக்க அறையை முழுக்கப் பாட்டு கேட்பதற்காகவே ஒதுக்கியிருந்தார். மாதம் ஒரு ஞாயிறு அங்கே கூடுவோம். நல்ல காலத்தில் 19 பேர் வந்தார்கள். இந்தப் பதிவு தொடங்கும் சமயம் 6 பேர். அதில் இளையவருக்கு 51.

கூட்டம் ஏன் தேய்ந்தது என்று எங்களுக்குள் ஒரு கதை தயாராக இருந்தது: இளைஞர்களுக்குக் காது இல்லை, செல்போனே போதும் என்று இருக்கிறார்கள். இப்போது யோசித்தால் அது சோம்பேறித்தனமான கதை. 1960, 70-களில் வீட்டில் நல்ல ஒலி வேண்டும் என்றால் பெரிய செட் ஒன்றுதான் வழி. 1982-இல் சிடி வந்தது. சுமாரான பிளேயரிலும் இரைச்சல் இல்லாத, வேகம் தள்ளாடாத ஒலி கிடைத்தது. 2001-இல் ஐபாட் வந்தபின் பாட்டு சட்டைப்பைக்குள் போனது. ஒவ்வொரு படியிலும் சாதாரண ஒலிக்கும் உயர்ந்த ஒலிக்கும் நடுவே இருந்த பள்ளம் கொஞ்சம் தூர்ந்தது. பள்ளம் ஆழமாக இருந்தபோது பாலம் கட்டியவர்கள் நாங்கள். பள்ளம் தூர்ந்ததை ஒத்துக்கொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை.

பெரியவருக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. முழங்கால் வலியும் சேர்ந்துகொள்ள, மகள் வசிக்கும் அடுக்குமாடி வீட்டுக்குப் போவதென்று தம்பதியர் முடிவு செய்தார்கள். அங்கே அவருக்குக் கிடைப்பது ஒரு படுக்கையறையும் ஒரு அலமாரியும். "எல்லாத்தையும் நல்ல கையில சேர்த்துடுங்க தம்பி" என்றார். கெடு எதுவும் வைக்கவில்லை. அது எங்களுக்கு நல்லதாக அமையவில்லை என்பது பிறகு தெரிந்தது.

அறைக்குள் பார்த்தது

முதல் மாதம் முழுக்கக் கணக்கெடுத்தோம். 1980-களைச் சேர்ந்த பெல்ட் டிரைவ் டர்ன்டேபிள் (தட்டைச் சுழற்றும் கருவி), மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்சைகையாக்கும் பகுதி), அந்தச் சைகையைப் பெருக்கும் தனி ஃபோனோ ஸ்டேஜ், வால்வு பிரீஆம்ப் (முன்பெருக்கி), கிளாஸ் ஏ மோனோபிளாக் இரண்டு (இடது, வலது பக்கத்துக்குத் தனித்தனி ஆம்ப்ளிஃபையர்), தரையில் நிற்கும் மூன்று வழி ஸ்பீக்கர் ஒரு ஜோடி, சிடி பிளேயர் ஒன்று. ஏறக்குறைய 1,400 எல்பி, 600 சிடி. மோனோபிளாக் ஒவ்வொன்றும் 38 கிலோ. பாட்டே ஓடாமல் சும்மா இருக்கும்போதும் 150 வாட் இழுத்தது. கிளாஸ் ஏ என்றால் அப்படித்தான், ஒலி வந்தாலும் வராவிட்டாலும் டிரான்சிஸ்டர் கொதித்துக்கொண்டே இருக்கும்.

ஸ்பீக்கரின் வலைத்துணியைக் கழற்றி வூஃபர் (பேஸ் தரும் பெரிய கூம்பு) விளிம்பை விரலால் தொட்டேன். ஃபோம் வளையம் ஈரமான பிஸ்கட் போல விரலோடு வந்தது. பாலியூரித்தேன் ஃபோம் காற்றின் ஈரத்தாலும் ஆக்சிஜனாலும் 15, 20 வருடத்தில் இப்படி ஆகிவிடும். ரப்பர் விளிம்பு இன்னும் தாக்குப்பிடிக்கும். நாங்கள் ஆறு பேரும் கடந்த ஒரு வருடமாக இந்த ஸ்பீக்கரைத்தான் கேட்டு, பேஸ் என்றால் இதுதான் பேஸ் என்று தலையாட்டியிருக்கிறோம்! இடது மோனோபிளாக்கில் லேசான ஹம் (ரீங்காரம்) இருந்தது. மின்னழுத்தப் பகுதியின் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் காய்ந்துபோயிருந்தன.

அலமாரியில் ஒரு நோட்டு கிடைத்தது. எந்தத் தேதியில் எந்தத் தட்டு, ஊசி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, ஊசியழுத்தம் எத்தனை கிராம், ஸ்பீக்கர் சுவரிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று வருடக்கணக்காகப் பொடி எழுத்தில் எழுதியிருந்தார். மூன்று வருடத்துக்கு முன்பு நோட்டு நின்றுவிட்டது. கேட்டேன். "அதுக்கப்புறம் எழுதுறதுக்கு ஒண்ணும் கேக்கலை" என்றார், சாதாரணமாக.

அறையையும் அளந்தோம். நீளம் 6.2 மீட்டர், அகலம் 4.3 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நீளவாக்கில் 28 ஹெர்ட்ஸ் அளவிலும் அகலவாக்கில் 40 ஹெர்ட்ஸ் அளவிலும் அறை தானாக முனகும் இடங்கள் வரவேண்டும். மைக்கும் இலவச மென்பொருளும் வைத்து, எந்த அதிர்வெண் எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்று எடுத்த வளைகோட்டில் அந்த இரண்டு மேடும் இருந்தன, ஆனால் நாங்கள் எதிர்பார்த்ததைவிடப் பாதி உயரம்தான். மூலைகளில் அவர் கட்டியிருந்த தடித்த கண்ணாடியிழைத் தடுப்புகளும், நாற்காலியைப் பின்சுவரிலிருந்து அறை நீளத்தின் மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் போட்டிருந்ததும் அதற்குக் காரணம். இந்தத் தடுப்புகளுக்கு எங்கள் கணக்குப் பட்டியலில் இடமே இல்லை. பட்டியலில் பெட்டிகள் மட்டும்தான் இருந்தன.

இன்னொன்றையும் அந்த மாதம் கவனித்தேன். சாமான் பிரிக்கும்போது உதவிக்கு வந்த மகளுக்கு எந்தக் கம்பி எங்கே போகிறது என்பது எதுவும் தெரியவில்லை. "நாங்க சின்ன வயசுல இந்த ரூமுக்குள்ள வந்தா அப்பா கத்துவார். தட்டைத் தொடக்கூடாது, குதிக்கக்கூடாது, பேசக்கூடாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு 44 வயது. ஒரே வீட்டில் வளர்ந்தும் அந்த அறை அவருக்கு அந்நியம்.

முதல் முடிவும் வீணான நான்கு மாதமும்

மூன்று வழி இருந்தது. பழைய சாமான் எடுக்கும் வியாபாரியிடம் மொத்தமாகத் தள்ளலாம், முழு செட்டையும் ஒரே ஆளுக்குக் கொடுக்கலாம், பிரித்துக் கொடுக்கலாம். வியாபாரி வந்து பார்த்தார். ஆம்பும் டர்ன்டேபிளும் போதும், ஸ்பீக்கர் வேண்டாம், தட்டுகளை எடை போட்டு எடுத்துக்கொள்கிறேன் என்றார். எடை என்ற சொல்லைக் கேட்டதும் பெரியவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

சரி, ஒரே ஆளுக்கே கொடுப்போம் என்று முடிவெடுத்தோம். முப்பது வருடம் ஒன்றோடொன்று பொருந்தி வந்த சாமான்களைப் பிரிப்பது குடும்பத்தைப் பிரிப்பது போல என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் ஆமாம் என்றோம். உண்மையில் அது எங்கள் ஏக்கம். எங்களில் யாருக்கும் அந்த செட்டை எடுத்துப்போக இடம் இல்லை, ஆனால் அது எங்கேயாவது முழுசாக இருக்கவேண்டும் என்று ஆசை.

நான்கு மாதத்தில் எட்டு பேர் வந்தார்கள். நான்கு பேர் எங்கள் வயதுக்காரர்கள். வீட்டில் இதேபோல ஒன்றை வைத்துக்கொண்டு, அதை என்ன செய்வது என்று அவர்களும் யோசித்துக்கொண்டிருந்தவர்கள். ஒருவர் வாங்கிப் பிரித்து விற்கும் நோக்கத்தில் வந்தார். ஒரு இளம் தம்பதி இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டார்கள். பிடித்திருந்தது என்று முகத்தில் தெரிந்தது. போகும்போது கணவர் டேப் வைத்து ஸ்பீக்கரின் அகலத்தை அளந்தார், மோனோபிளாக்கின் மேல் கையை வைத்துச் சூட்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான். அவர்களுக்குக் காது இல்லை என்று சொல்ல எங்கள் பழைய கதைக்கும் துணிச்சல் வரவில்லை. அவர்களுக்கு இல்லாதது ஒரு அறை.

கடைசியாக வந்தது 26 வயதுப் பெண். டர்ன்டேபிள் மட்டும் கிடைக்குமா என்று கேட்டு வந்திருந்தார். கொடுக்க மாட்டோம் என்றோம். ஆனாலும் அடுத்த ஞாயிறு பாட்டு கேட்க வந்தார். ஹெட்ஃபோன் உலகத்திலிருந்து வந்தவர். பிளேனர் ஹெட்ஃபோன் ஒன்றும் உள்ளங்கை அளவு டாக் (டிஜிட்டல் பாட்டை ஒலிச் சைகையாக்கும் கருவி) ஒன்றும் பையில் இருந்தன. எங்கள் வட்டத்தில் பலரும் முப்பது வருடமாக 'இதமான ஒலி' என்று சொல்லிக்கொண்டிருந்ததை அவர் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு டெசிபல் பள்ளம் இருக்கும்போல என்றார். மறுநாள் அளந்து பார்த்தேன். இருந்தது.

ஒரு ஞாயிறு மதியம்

அந்தப் பெண் கொண்டுவந்த யோசனைதான் இது. மோனோபிளாக்குக்கு வாரிசு கிடைக்காவிட்டால் ஸ்பீக்கரைச் சிறிய கிளாஸ் டி (அதிகம் சூடாகாத, குறைந்த மின்சாரம் இழுக்கும் வகை) ஆம்போடு கொடுத்தால் என்ன, வித்தியாசம் தெரிகிறதா என்று மறைத்து வைத்துக் கேட்டுப் பார்க்கலாமே என்றார். அதற்குள் நான் இரண்டு வூஃபருக்கும் புது ஃபோம் ஒட்டி, மோனோபிளாக்கின் கெபாசிட்டர்களையும் மாற்றியிருந்தேன்.

ஸ்பீக்கர் முனையில் வோல்ட்மீட்டர் வைத்து, 1 கிலோஹெர்ட்ஸ் தொனியில் இரண்டு ஆம்பின் அளவையும் 0.1 டெசிபலுக்குள் கொண்டுவந்தோம். இதைச் செய்யாவிட்டால் சோதனையே வீண். அரை டெசிபல் சத்தம் கூடினாலே காது அதை 'தெளிவு' என்று எடுத்துக்கொள்ளும். ரிலே பெட்டி வழியாக மாற்றினோம். நான்கு பேர் உட்கார்ந்து, எந்த ஆம்ப் ஓடுகிறது என்று ஆளுக்கு 16 முறை சொன்னார்கள். தற்செயலாகவே 8 சரியாக வரும். 12-க்கு மேல் வந்தால்தான் ஏதோ கேட்கிறது என்று நம்பலாம். கிடைத்தது 7, 9, 8, 10.

சோதனையில் குறை உண்டு. மாற்றிய கை என்னுடையது, எது ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். திரைக்குப் பின்னால் இருந்தேன் என்றாலும் முழுமையான ஏற்பாடு இல்லை. ஸ்பீக்கரும் எந்த ஆம்பையும் படுத்தாத சாது. எங்கள் சத்த அளவில் சராசரியாக ஒரு வாட்டுக்குக் குறைவாகத்தான் கேட்டது. முரட்டு ஸ்பீக்கராக இருந்தால் விடை வேறாக வந்திருக்கலாம். ஆனால் அங்கே இருந்த ஆம்ப்களைப் பற்றி, அங்கே இருந்த ஸ்பீக்கரில், அங்கே இருந்த காதுகளுக்கு விடை தெளிவாக இருந்தது.

அப்புறம் ஸ்பீக்கர்களைச் சுவரை நோக்கி 40 சென்டிமீட்டர் தள்ளிப் பார்த்தோம். அதற்குச் சோதனையே தேவைப்படவில்லை. சமையலறையில் இருந்த பெரியவரின் மனைவி எட்டிப் பார்த்து "என்ன பண்ணினீங்க, கொழகொழன்னு கேக்குது" என்றார்.

ஒரு மூத்த உறுப்பினர் எழுந்து போனார். அவர் வீட்டில் இதைவிடப் பெரிய கிளாஸ் ஏ இருக்கிறது. 2022-இல் அமெரிக்க மறுபதிப்பு நிறுவனம் ஒன்றின் எல்பிகளில் பல, தூய அனலாக் என்று கொண்டாடப்பட்டவை, உண்மையில் நடுவே ஒரு டிஜிட்டல் கட்டத்தைத் தாண்டி வந்தவை என்று வெளியானபோதும் அவர் இதேபோல ஒரு மாதம் வரவில்லை. பெரியவர் மட்டும் சத்தமாகச் சிரித்தார். "அப்ப இத்தனை வருஷமா ரூம்தான் பாடியிருக்கு" என்றார்.

இரண்டாவது முடிவு

அன்று மாலையே பிரித்துக் கொடுப்பது என்று முடிவாயிற்று. எடுத்தவர் பெரியவரேதான். இரண்டு நிபந்தனை வைத்தார். வாங்குகிறவர் ஒரு ஞாயிறு முழுக்க இங்கே இருந்து அதைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். எங்களில் ஒருவர் அவர்கள் வீட்டுக்குப் போய் ஒருமுறை பொருத்திக் கொடுக்க வேண்டும். விலை இரண்டாம் பட்சம் என்று குடும்பமும் ஒத்துக்கொண்டது.

டர்ன்டேபிள் அந்தப் பெண்ணுக்கு. தட்டில் பேஸைக் குறைத்தும் ட்ரெபிளைக் கூட்டியும் வெட்டியிருப்பார்கள், 20 ஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபல் குறைவு, 20 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய அதே அளவு கூடுதல், ஃபோனோ ஸ்டேஜ் அதைத் திருப்பிப் போடுகிறது என்பதெல்லாம் அவருக்கு ஏற்கெனவே அத்துபடி. ஆனால் ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்மைச் சமநிலைக்குக் கொண்டுவந்து, ஊசியை ஆட்டாமல் தட்டில் இறக்கும்போது கை நடுங்கியது. பெரியவர் பக்கத்தில் நின்று, "மூச்சை விட்டுட்டு இறக்கும்மா, இழுத்துப் பிடிச்சுட்டு இல்ல" என்றார். முப்பது வருடப் பழக்கத்தில் நானும் அப்படித்தான் இறக்குகிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

ஸ்பீக்கர் ஒரு 23 வயது மாணவருக்குப் போனது. கூடவே அந்த கிளாஸ் டி ஆம்பும், அறையின் மேடுகளை டிஜிட்டல் முறையில் குறைக்கும் சிறிய டிஎஸ்பி பெட்டியும், கழற்றிய மூலைத் தடுப்புகள் இரண்டும். மற்ற இரண்டு தடுப்புகளைக் கேட்டு வாங்கிப் போனவர் அந்த இளம் தம்பதி. நாங்கள் குப்பை என்று ஒதுக்கியிருந்தோம். சிடிகளை மகள் வீட்டிலேயே இழப்பில்லாத கோப்புகளாக ஒரு வன்தட்டில் ஏற்றிக் கொடுத்தோம்.

கை தவறியவை

கார்ட்ரிட்ஜை உடைத்தது நான். டர்ன்டேபிளைக் கட்டுவதற்கு முன் ஊசி மூடியைப் போடாமல் பெல்ட்டைக் கழற்றக் குனிந்தேன். சட்டைக் கை, ஊசி பொருத்திய மெல்லிய தண்டான கேன்டிலீவரில் மாட்டியது. ஒரு மெல்லிய 'டிக்'. மூவிங் காயில் வகையில் ஊசியை மட்டும் வீட்டிலேயே மாற்ற வழி கிடையாது. ஒருவகையில் அந்தப் பெண்ணுக்கு அது நல்லதாகவே முடிந்தது என்று சொல்லலாம், 0.3 மில்லிவோல்ட் மட்டும் தரும் அந்தக் கார்ட்ரிட்ஜுக்குப் பதில், ஊசியைக் கையாலேயே கழற்றி மாற்றும் மூவிங் மேக்னட் ஒன்றைப் போட்டோம், ஹம் தொல்லையும் குறைந்தது. ஆனால் பெரியவரிடம் போய்ச் சொல்லவேண்டியிருந்தது. நோட்டை எடுத்துப் பார்த்தார். "860 மணி நேரம் ஓடியிருக்கு. போகட்டும்" என்றார்.

தட்டுகளில் தாமதம் எங்களைத் தண்டித்தது. வீணாக்கிய நான்கு மாதத்தில் 1,400-ஐயும் பெட்டிகளில் போட்டுப் படுக்கவைத்து அடுக்கியிருந்தோம், நிறுத்திவைக்கவில்லை. கீழே இருந்தவற்றில் பல வளைந்துவிட்டன. தட்டு சேர்க்கத் தொடங்கிய நாளில் ஒருவர் கற்கும் முதல் பாடம் இது.

14 மாதத்துக்குப் பிறகு

எல்பிகளில் சுமார் 500 போனது. அவற்றை எடுத்தவர்களில் பெரும்பாலோர் 35 வயதுக்குக் கீழே. இரண்டு பேரிடம் டர்ன்டேபிளே இல்லை, உறையைச் சுவரில் மாட்டப் போவதாகச் சொன்னார்கள். அமெரிக்காவில் 2022-இல் எல்பி விற்பனை எண்ணிக்கையில் சிடியை முந்தியது. 1987-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அதைச் சொல்லி எங்கள் வட்டத்தில் ஒருவர் வெற்றிக் கொடி நாட்டினார். 2010-இல் நிறுத்தப்பட்ட டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள் 2016-இல் திரும்பி வந்ததையும் சேர்த்துக்கொண்டார். எனக்கு அந்த உற்சாகம் வரவில்லை. எஞ்சிய 900 தட்டை ஒவ்வொன்றாகப் புரட்டியவன் நான். இது தட்டின் மீட்சி. கேட்பறையின் மீட்சி என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. ஒருவர் மட்டும் உட்காரும் நாற்காலியைச் சுற்றிக் கட்டிய அறை போய்க்கொண்டேதான் இருக்கிறது.

ஆனால் எங்கள் வட்டத்தில் இப்போது 11 பேர். ஒவ்வொரு மாதமும் வேறு வேறு வீடு. மாணவரின் வாடகை அறையில் கூடியபோது நான்கு பேர் தரையில், இருவர் கட்டிலில். டிஎஸ்பியில் 45 ஹெர்ட்ஸ் மேட்டை வெட்டிக் காட்டினார், நன்றாகவே இருந்தது. பேச்சு நடுவே பேச்சு, பாட்டு நடுவே சிரிப்பு. எழுந்துபோன மூத்த உறுப்பினர் திரும்ப வரவில்லை. மகள் இரண்டு முறை வந்தார். பெரியவரின் அலமாரியில் இப்போது ஒரு ஜோடி சிறிய ஸ்பீக்கர். சுவரிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்பதைப் பேத்தி அளந்து சொல்ல, நோட்டில் எழுதியிருக்கிறார்.

இனி செய்வதானால்

கெடு வைத்துத் தொடங்குவேன், ஒரே ஆளைத் தேடி நான்கு மாதம் காத்திருக்க மாட்டேன். தட்டுகளை நிறுத்தி வைப்பேன். ஊசி மூடியைப் போட்டபிறகே மற்ற எதையும் தொடுவேன். இதெல்லாம் சின்ன விஷயம்.

பெரிய விஷயம் அளவீடு. அறையைக் கலைப்பதற்கு முன் நாங்கள் நாற்காலியில் வைத்து எடுத்த ஒற்றை வளைகோடு போதவில்லை. மைக்கை நான்கைந்து இடத்தில் வைத்து, தடுப்பு இருக்கும்போதும் எடுத்தபின்பும் அளந்திருக்கவேண்டும். அந்த அறை எதனால் நன்றாகக் கேட்டது என்பதற்கு இப்போது எங்களிடம் ஊகம்தான் இருக்கிறது. அந்த 26 வயதுப் பெண் முதல் தடவை டர்ன்டேபிள் மட்டும் கேட்டு வந்தபோதே கொடுத்திருக்கலாம் என்பதையும் சொல்லவேண்டும். அன்று மறுத்ததற்குப் பிறகும் அவர் திரும்பி வந்தது எங்கள் சாமர்த்தியம் இல்லை.

மோனோபிளாக்கை இதுவரை யாரும் கேட்கவில்லை. இரண்டும் என் பட்டறையில் மேசைக்கு அடியில் இருக்கின்றன. மாதம் ஒருமுறை மின்சாரம் கொடுத்து அரை மணி நேரம் சூடாக்கி அணைக்கிறேன், கெபாசிட்டர் கெடாமல் இருக்க.